யாரும் இழுக்காத கயிறு

சிப் தொழிற்சாலை வரப்போகிறது என்று டி.வி.யில் கோட்டு போட்ட யாராவது ஒருவர் சொல்லாத நாளே இப்போது கிடையாது. கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். “அட போங்கப்பா, அது எங்க கொல்லிமலைக்கு வந்து எத்தனையோ வருசமாச்சு” என்று டி.வி. பெட்டிக்கே பதில் சொல்லிவிட்டு மிளகு காயப்போடப் போய்விடுவேன். போன மாதம் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் என்னைப் பார்க்க மலையேறி வந்தார்கள். கம்பெனி இன்னொரு நாட்டில் ஆலை திறக்கிறதாம், இவர்களை அங்கே அனுப்புகிறார்களாம். “அந்த ஊர் ஆளுங்களோட எப்படி வேலை பாக்கறதுன்னே புரியல மேடம். ஜப்பான்காரங்க வந்தப்ப நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேட்டார்கள். நாங்கள் எங்கே சமாளித்தோம்? எங்களைத்தான் ஒருவர் சமாளித்தார். வாயால் சொன்னால் பாதியில் சிரித்துக் கெடுத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அடிவாரத்து முள்ளுக்குறிச்சி. சேலத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா, பெங்களூரில் ஒரு டி.வி. கம்பெனியில் சில வருடம், அப்புறம் இந்த ஜப்பான் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை, அதற்குப் பயிற்சி என்ற பெயரில் ஜப்பானில் ஒரு குளிர்காலம். அங்கே நான் கற்றுக்கொண்டதில் பாதி தொழில். மீதிப் பாதி, நூடுல்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சினால் யாரும் முறைக்க மாட்டார்கள் என்பது. என் படிப்புக் கதை அவ்வளவுதான். அதற்கு மேல் சொன்னால் எனக்கே தூக்கம் வரும்.

கொல்லிமலையில் சிப் கம்பெனியா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சிப்பை உற்பத்தி செய்வது இங்கே இல்லை. அது ஜப்பானிலேயே முடிந்து, மிளகைவிடச் சின்னத் துணுக்காக எங்களுக்கு வரும். அதை ஓர் உலோகச் சட்டத்தில் ஒட்டி, சிப்பிலிருந்து சட்டத்தின் கால்களுக்குத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி இழுத்து ஒட்டி, சோதித்து அனுப்ப வேண்டும். கம்பெனி வெளிநாட்டில் கால் வைக்க இடம் தேடிய நேரம் அது. ஒகாடா என்ற மேலாளர் சமவெளியெல்லாம் சுற்றிப் பார்த்து வியர்த்து வழிந்து, கடைசியில் யாரோ சொல்லக் கேட்டு மலைக்கு வந்தார். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம்; அப்படி வளப்பூர் நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, காற்றை மூக்கால் இழுத்துப் பார்த்தாராம். குளிர்ச்சி இருக்கிறது, புழுதி இல்லை, ஒரு மாதச் சரக்கு ஒரு ஜீப்பில் அடங்கிவிடும், இது போதும் என்று முடிவு செய்துவிட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் வளப்பூர் நாட்டில் வெள்ளைக் கட்டடம் ஒன்று எழும்பியது. மெஷின்களை ஏற்றிய லாரி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நின்று நின்று வந்தது. ஒகாடா சார் அதன் பின்னாலேயே ஜீப்பில் வந்து, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி லாரிக்காரருக்குக் கும்பிடு போட்டார்.

வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் மலைப் பெண்கள். வளப்பூர் நாடு, எடப்புளி நாடு, பக்கத்துக் குடியிருப்புகள் என்று நாலா பக்கமிருந்தும் பஸ்ஸில் வருவார்கள். சாமையும் மரவள்ளியும் மிளகும் பார்த்த கைகள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த கொஞ்ச நாளிலேயே கம்பியை இழுத்து நிறுத்திவிட்டார்கள். அவர்களில் வெள்ளையம்மா என்று ஒருத்தி. எடப்புளி நாட்டுக்காரி. வாய் பேசாது, வேலை பேசும். அவள் ஒட்டிய கம்பி எல்லாம் ஒரே வளைவில் வரிசையாக நிற்கும். கதவுக்குப் பக்கத்து முதல் மேஜையை ஒகாடா சார் அவளுக்குத்தான் கொடுத்தார்.

ஒகாடா சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குள்ளமான மனிதர், வட்ட முகம், எந்நேரமும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசல் நடையை அவரே பெருக்குவார். “சார், அதுக்கு ஆள் இருக்குது” என்று சொன்னால் துடைப்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்தால் முழுசாக ஓர் ஆங்கிலம் தேறும், அதை வைத்தே நாங்கள் ஆலையை ஓட்டினோம். உள்ளே போவதற்கு ஒரு முறை உண்டு. செருப்பை விட வேண்டும், முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், அங்கி, தலையுறை, முகமூடி. அப்புறம் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் பலூன் மாதிரி மெல்லிசான ரப்பர் உறை. இதெல்லாம் முடிந்ததும் சார் முதல் மேஜையிலிருந்து கடைசி மேஜை வரை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு தட்டிலிருந்தும், இன்னும் கம்பி இழுக்காத சட்டங்களை மூன்று விரலால் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, சிப் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, “ம்ம்” என்று சொல்லித் திரும்ப வைப்பார். அந்த “ம்ம்” வாங்கினால் போதும், எங்கள் பெண்கள் அன்றைக்கு மதியம் ஒரு பிடி சோறு கூடச் சாப்பிடுவார்கள்.

அடுத்தது அந்தக் கயிறு. ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் மணி அடிக்கும், மொத்த வரிசையும் நின்றுவிடும். தப்பு கண்ணில் பட்டால் யாராக இருந்தாலும் இழுக்கலாம், இழுத்தே ஆக வேண்டும். ஜப்பானில் இது மூச்சு விடுகிற மாதிரி. இங்கே யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் பொன்னி என்கிற பெண், பக்கத்து மேஜையில் கம்பி கோணலாகப் போவதைப் பார்த்துவிட்டு, கயிற்றை இழுக்காமல் அந்தத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திச் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ஏன் கயித்த இழுக்கல?” என்று கேட்டேன்.

“என்னங்க அக்கா இப்புடிக் கேக்கறீங்க! அவ எனக்கு நாத்தனாருங்க. மணியடிச்சு ஊருக்கே சொல்லோணுங்களா? அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவுங்கூட்டுக்குப் போறது?”

நான் இதை மொழிபெயர்த்ததும் ஒகாடா சார் தலையில் கை வைத்துக்கொண்டார். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். நாத்தனார், கொழுந்தியாள், சித்தி, மாமியார் என்று வரிசை முழுக்க உறவு. கயிற்றை இழுப்பது ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பது. சார் எல்லோரையும் நிற்கவைத்து, “தப்பு செய்தது யார் என்று நான் கேட்கவே மாட்டேன். ஏன் நடந்தது என்று மட்டும்தான் கேட்பேன்” என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். கயிறு அப்படியே தொங்கியது. சார் மட்டும் தினமும் போகிறபோது அதன் தூசியைத் துடைத்துவிட்டுப் போவார்.

பெண்களுக்குச் சாரைப் பிடித்துப்போயிற்று. பிடித்தவர்களுக்கு மலையில் என்ன கொடுப்பார்கள்? வைகாசி பிறந்ததும் ஒருத்தி முதல் பலாப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாருடைய ஊர் வழக்கத்தில் கொடுத்ததை மறுக்கக் கூடாது, பதிலுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். அவர் அழகான காகிதத்தில் சுற்றிய ஜப்பான் மிட்டாய் கொடுத்தார். எங்கள் பக்கத்து வழக்கமோ, வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்பது. அவள் இன்னொரு பழம் கொண்டுவந்தாள். அதைப் பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு நாட்டு மரியாதையும் முட்டிக்கொண்டதில் சாருடைய அறையில் கட்டிலைத் தவிர எல்லா இடத்திலும் பலாப்பழம். அறைக்குப் போகிற வழியெல்லாம் கமகமவென்று மணக்கும், ஈ மொய்க்கும். மனிதர் அசரவில்லை. அதற்கு அடிமையாகிவிட்டார். பால் கையில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிக்கொண்டு அறுக்க வேண்டும் என்று சமையல்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டு, “இன்று முழுப் பழத்தையும் நானே அறுத்தேன்” என்று காலையில் என்னிடம் மார்தட்டினார். ஏதோ இமயமலை ஏறிவந்த மாதிரி!

அதே மாதம்தான் பிரச்சினை ஆரம்பித்தது. கம்பி ஒட்டாமல் எழும்பியது. சோதனையில் லேசாக இழுத்தால் அடியோடு கையில் வந்துவிடும். தலைமை அலுவலகத்துக்குப் போன சரக்கு திரும்பி வந்தது, அடுத்ததும் திரும்பி வந்தது. அதிகமாகக் கெட்டுப்போனது யாருடைய தட்டு தெரியுமா? வெள்ளையம்மாவுடையது.

தலைமை அலுவலகத்திலிருந்து தரம் பார்க்கிற அதிகாரி ஒருவர் பறந்து வந்தார். பெரிய கண்ணாடி போட்டிருந்ததால் எங்கள் பெண்கள் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் மெஷினைப் பிரித்துப் பார்த்தார், கம்பியை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பெண்களின் தலையைப் பார்த்தார். எண்ணெய் வழவழவென்று மின்னியது. இதுதான் காரணம், இனி யாரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் எங்கள் பெண்களா! மறுவாரம் எல்லோருடைய முடியும் வறண்டு பறந்தது. “என்னடி, ஊட்ல எழவா?” என்று பஸ்ஸில் கேட்டார்களாம். அவமானத்தைச் சகித்துக்கொண்டு வந்தார்கள். அப்படியும் கம்பி எழும்பியது. கண்ணாடிக்காரர் பொறுமை இழந்துவிட்டார். எந்த மேஜையில் தப்பு அதிகமோ அந்த ஆளை எடுத்துவிடலாம் என்றார். ஒகாடா சார் வாதாடிப் பார்த்தார். தலைமை அலுவலகத்துக்கு முன்னால் அவர் வார்த்தை எடுபடவில்லை. வெள்ளையம்மாவுக்கு அந்த வாரம்தான் கடைசி என்று முடிவாயிற்று.

நான்தான் போய் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

“மறுபடி கெழங்குக் காட்டுக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் கேவலமில்லீங்க அக்கா. அது எங்க காடு. ஆனா நான் தப்பு பண்ணலீங்க. தப்பு பண்ணாம தப்புக்காரின்னு பேர் வாங்கிட்டுப் போறதத்தான் தாங்க முடியலீங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே ஆத்திரமும் வந்தது. பாவி, ஜப்பானில் ஒரு குளிர்காலம் பூராவும் என்ன கிழித்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போதுதான் பயிற்சியில் பார்த்த எளிய சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. சுத்தமான உலோகத்தில் ஒரு சொட்டுச் சுத்தத் தண்ணீர் விட்டால் அது அப்படியே பரவிவிடும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பசை இருந்தால் பரவாது, உருண்டையாக நிற்கும். மறுநாள் வேலை தொடங்கும் முன் வெள்ளையம்மாவைக் கூட வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து எடுத்த சட்டத்தில் ஒரு சொட்டு விட்டேன். பரவியது. அவளையே ஒன்றைத் தொட்டு எடுக்கச் சொல்லி அதிலும் விட்டேன். பரவியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. சார் சுற்று வந்து போனபின், அவள் தட்டிலிருந்து ஒரு சட்டத்தை ஓரமாக எடுத்துப்போய் மறுபடி விட்டோம்.

சொட்டு நின்றது.

“சேப்பங்கெழங்கு எலைல நிக்கற மாதிரி நிக்குதுங்களே அக்கா!” என்றாள். நடுவில் அந்தத் தட்டைத் தொட்டது யார்? இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பலா அறுத்த எண்ணெய்க் கை. எவ்வளவு சோப்பு போட்டாலும் பிசுக்கு நகக்கண்ணில் மிச்சமிருக்கும். அந்தக் கையால்தான் விரலுறையை மாட்டுகிறார், அந்த உறையோடு முதலில் வருவது முதல் மேஜைக்கு. ரப்பர் ஸ்டாம்பில் மை குறைகிற மாதிரி, கடைசி மேஜைக்குப் போவதற்குள் பசை தேய்ந்துவிடுகிறது. இருப்பதிலேயே நல்ல வேலைக்காரியை முதல் மேஜையில் உட்காரவைத்ததால்தான் அவளுக்கு இந்தக் கதி.

“அடக் கடவுளே, நம்ம சாருங்களா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சாயங்காலம் சாரைத் தனியாப் பாத்துச் சொல்றேன் கண்ணு. கண்ணாடிக்காரர் முன்னாடி சொன்னா சாருக்குத் தலைகுனிவு” என்றேன். அவளும் தலையாட்டினாள். ஆனால் அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் சாரை விட்டு ஒரு நிமிடம்கூட நகரவில்லை. எனக்கும், மேலாளரிடம் போய் உங்கள் கைதான் குற்றவாளி என்று எப்படி ஆரம்பிப்பது என்று விளங்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ‘நாளைக்கு’தான் வெள்ளையம்மாவின் கடைசி நாள். காலையில் சார் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார், பக்கத்தில் கண்ணாடிக்காரர். முதல் மேஜை. சார் மூன்று விரலால் ஒரு சட்டத்தை எடுத்தார்.

மணி அடித்தது.

அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. வரிசை மொத்தமும் நின்றது. ஒருத்தி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடப் பார்த்தாள். வெள்ளையம்மா நின்றுகொண்டிருந்தாள், கயிறு அவள் கையில் இருந்தது.

ஒகாடா சார் அவளையே பார்த்தார். அவர் கேட்டது ஒரே வார்த்தை, அதுவும் தமிழில்: “ஏன்?”

“சார்… ஒரு சொட்டுத் தண்ணி உட்டுப் பாருங்க சார். உங்க கைல இருக்கறதுல.”

நான் மொழிபெயர்த்தேன். சார் சட்டத்தை மேஜையில் வைத்தார். நான் சொட்டு விட்டேன். உருண்டு நின்றது. தொடாத சட்டத்தில் விட்டேன். பரவியது. சார் தன் மூன்று விரலையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகமூடியை இறக்கி மோந்து பார்த்தார்.

“பலா” என்றார்.

கண்ணாடிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஒகாடா சார் ஒரு அடி பின்னால் வைத்து, வெள்ளையம்மாவுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தார். அவள் பதறிப்போய், “ஐயோ சாமி, என்னங்க இது!” என்று சடாரென்று அவர் காலில் விழுந்தாள். காலில் விழுந்தவளைவிடத் தாழ வேண்டும் என்று அவர் இன்னும் குனிந்தார். நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் நிமிர்த்தவில்லை என்றால் இன்றைக்கும் குனிந்துகொண்டுதான் இருப்பார்கள். சார் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, வாயோ காது வரைக்கும் சிரித்தது. “இந்த மணிச் சத்தத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா!” என்றார். பொன்னிதான் முதலில் கை தட்டினாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

வெள்ளையம்மா முதல் மேஜையிலேயே இருந்தாள். அடுத்த சரக்கு பழுதில்லாமல் தேறியது. எண்ணெய்த் தடை போய், மறுநாள் கேன்டீன் முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். கண்ணாடிக்காரர் தானே வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்தான். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் துணியை எடுத்துவிட்டுப் பலாச்சுளை வறுவலை அடைத்துக்கொண்டு போனார். கை கழுவுகிற இடத்தில் ஒகாடா சார் தன் கையாலேயே ஒரு படம் வரைந்து மாட்டினார்: ஒரு கை, ஒரு பலாப்பழம், குறுக்கே ஒரு கோடு. கீழே, “இந்தத் தப்பைச் செய்தவன்: ஒகாடா” என்று என்னைக் கேட்டுத் தமிழில் எழுதினார். அதிலிருந்து பழம் கொடுக்க நினைத்தவர்கள் வீட்டிலேயே அறுத்துச் சுளையாகக் கொண்டுவந்தார்கள். அறுக்கிற வேலை, மறுநாள் லீவு என்பதால், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். மிட்டாய் மட்டும் தடையில்லாமல் வந்தது.

அந்த வாரம் பெண்கள் கயிற்றை இழுத்த இழுப்பு இருக்கிறதே! ஈ பறந்தால் மணி, விளக்கு மினுக்கினால் மணி. பொன்னி தன் நாத்தனார்மேல் இழுத்தாள், நாத்தனார் பொன்னிமேல் இழுத்தாள், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சிரித்துக்கொண்டு போனார்கள். சாரே குனிஞ்ச பிறகு நமக்கென்ன வெட்கம் என்றாள் பொன்னி. சார் மணி அடித்த பக்கமெல்லாம் பலகாரக் கடையைப் பார்த்த குழந்தை மாதிரி ஓடினார்.

சில வருடம் கழித்துக் கம்பெனி வியட்நாமில் ஆலை திறந்தது. கம்பி ஒட்டக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்றதும், அப்போது பெரிய பதவியில் இருந்த ஒகாடா சார் வேறு பெயரே சொல்லவில்லை. சேலத்தைத் தாண்டாத வெள்ளையம்மா பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறினாள். போன முதல் வாரம் போனில் ஒரே புலம்பல்.

“அக்கா, இங்கயும் பலா இருக்குதுங்க! வந்தன்னிக்கே நம்ம சார் படத்த மாட்டிட்டேன். கயிறும் கட்டியாச்சு. ஆனா ஒரு புள்ளயும் இழுக்க மாட்டேங்குதுங்க. என்னையப் பாத்தா டீச்சரப் பாத்தாப்பல எந்திரிச்சு நிக்குதுங்க. நான் வேணும்னே வெரலுறை போடாம சட்டத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன், பாத்துட்டுக் கீழ குனிஞ்சுக்குதுங்க!”

அதனால்தான் வெளிநாடு போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்த ஊர் ஆட்கள் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று என்னைக் கேட்டுப் பயனில்லை, போய்ப் பாருங்கள். கயிறு கட்டுவது ஒரு நாள் வேலை. அதை அவர்கள் உங்கள்மேல் இழுக்கும் வரை பொறுமையாகத் தூசி துடைத்துக்கொண்டிருங்கள்.

வெள்ளையம்மாவும் துடைத்திருக்கிறாள். மழைக்காலம் தொடங்கின சமயம், நான் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது. எடுத்த எடுப்பில் ஒரே கூச்சல். அதிர்ந்து பேசாத வெள்ளையம்மா கூச்சல் போட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அக்கா! இன்னிக்கு ஒரு புள்ள எம்மேல மணியடிச்சுட்டா அக்கா!”

“நீ என்ன கண்ணு பண்ணுன?”

“குனிஞ்சேனுங்க! இடுப்பு ஒடியற மாதிரி குனிஞ்சேன்!”